நலம் விசாரிப்பு

டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருந்த கண்டக்டருக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

“சிஸ்டர், ஒரு தையல்காரர் தினமும் ஃபோன் பண்ணி, ‘மூச்சு வாங்குதா, கால் வீங்குதா’ன்னு விசாரிக்கிறாரு. பெத்த பிள்ளைங்ககூட இப்படிக் கேட்டதில்ல. தங்கமான மனுஷன்!”

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“அவரும் டயாலிசிஸ் பேஷண்ட்தான் சார். வாரம் மூணு நாள் மூணு பஸ் மாறி எங்கேயோ தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போறாரு. இங்க கட்டில் காலியானா, வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆள் அவர்தான்.”

“அடப்பாவி! நேத்து ‘நல்லா இருக்கேன்’னு நான் சொன்னதும் அவர் குரல் இறங்குச்சே, அதுக்குத்தானா?”

கோபம் வருமென்று பார்த்தால் சிரிப்புதான் வந்தது. அப்போதே ஃபோனைப் போட்டார்.

“யோவ், நான் போய்ச் சேர வேண்டியதில்ல. அடுத்த மாசம் என் தங்கச்சி எனக்குக் கிட்னி தர்றா. அப்புறம் இந்தக் கட்டில் உனக்குத்தான்!”

மறுநாளும் தையல்காரர் கூப்பிட்டார்.

“சார், தங்கச்சி வேளாவேளைக்குச் சாப்பிடறாங்களா? சளி கிளி ஒண்ணும் பிடிக்கலையே?”