இன்ஜின் வேலை

“வேற இன்ஜின் மாத்திடுங்கண்ணே,” என்றார் வேன்காரர்.

“வேண்டாம். இதையே பிரிச்சு வேலை பாருங்க,” என்றாள் அவர் மனைவி.

மெக்கானிக் அழுக்குத் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து ஷெட்டில் இதே பாட்டுதான்.

வேனுக்கு வயசாகிவிட்டது. ஆயிலைத் தண்ணீராகக் குடித்தது. மேடு கண்டால் மூச்சு வாங்கியது. அது விட்ட புகையில் தெருவே இருமியது. ராப்பகல் பார்க்காமல் லோடு அடித்தால் இரும்புதான் என்ன செய்யும், பாவம்.

“தங்கச்சி, சொன்னா கேளு. பின்னறையில நல்ல இன்ஜின் ஒண்ணு தயாரா இருக்கு. நாளைக்குச் சாயங்காலமே வண்டியை எடுத்துட்டுப் போயிடலாம். இதைப் பிரிச்சா லேத் பட்டறைக்கு அனுப்பணும், சாமான் வரணும். ஒரு மாசம் இழுக்கும்.”

“இழுக்கட்டும்.”

“செலவாவது மிச்சமான்னா அதுவும் இல்ல. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்.”

“இருக்கட்டுமே.”

வேன்காரருக்குச் சுருக்கென்றது. “ஒரு மாசம் வண்டி நின்னா வாடிக்கையெல்லாம் கை விட்டுப் போயிடும். அப்புறம் காத்தையா குடிக்கறது? வீம்புக்குன்னே பேசறா பாருங்கண்ணே!”

“தையல் மெஷின் இருக்கு, நான் பார்த்துக்கறேன். என் நகையை வித்து வாங்கின வண்டி. என் பேர்ல இருக்கு. நான் சொல்றதுதான்.”

பக்கத்தில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேன்காரர் எதிலிருந்தோ கழற்றிப் போட்டிருந்த பழைய சீட்டில் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் தலை சாய்ந்து குறட்டையும் வந்துவிட்டது.

மெக்கானிக்குக்கு எரிச்சலாக வந்தது. பிரித்து வேலை பார்ப்பதென்றால் ஒடியப்போவது யார் இடுப்பு?

“என்னம்மா நீ? மாடா உழைக்கிற மனுஷனை நாலு பேர் முன்னால இப்படியா பேசறது?”

அவள் கணவன் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“போன வாரம் ஓட்டிட்டு இருக்கும்போதே கண் அசந்துட்டார்ண்ணே. வண்டி நேரா புளியமரத்தைப் பார்த்துப் போயிடுச்சு. பக்கத்துல இருந்த நான் கத்தின கத்துல முழிச்சு பிரேக் போட்டார். ஒரு மாசம் முழு ஓய்வுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டார். நானும் கால்ல விழாத குறையா கெஞ்சிப் பார்த்துட்டேன். வண்டி நல்லா இருக்கற வரைக்கும் இந்த மனுஷன் வீட்ல படுக்க மாட்டார்.”



மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தம் வராமல் கீழே வைத்துவிட்டு, எழுந்து பின்னறைப் பக்கம் போனார்.

கொஞ்ச நேரத்தில் வேன்காரர் திடுக்கிட்டு விழித்தார். “என்னண்ணே, முடிவாச்சா? மாத்தறோமா?”

“எங்க மாத்தறது? அந்த இன்ஜினை நேத்தே ஒருத்தர் தூக்கிட்டுப் போயிட்டார், எனக்குத்தான் ஞாபகம் இல்ல. தங்கச்சி மேல கோவிச்சுக்காதே தம்பி, இதைப் பிரிச்சுத்தான் ஆகணும்,” என்றார் மெக்கானிக், பூட்டிய பின்னறையின் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே.