மார்லாவுக்காக இரண்டு மணி நேரம்

"நூத்தி ஒண்ணு," என்று வோல்ட் மீட்டரை ஓபலின் முகத்துக்கு நேராக நீட்டினான் டெல்பர்ட். அவன் கண்கள் சிவந்திருந்தன. "என் பொண்டாட்டி மார்லா கழுத்துல ஐஸ் வச்சிட்டு ஓடி வர்றேன். இன்னும் அரை மணி நேரம் தாங்க மாட்டா."

பாலைவன ஊரான யூமாவில் ஜூலை மாத மதியம். நிழலிலேயே நூற்றுப் பதின்மூன்று டிகிரி. குளிர்காலத்துக்கு முகாமில் வந்து தங்குகிறவர்கள் ஏப்ரலிலேயே தங்கள் கேரவன் வீடுகளை வடக்கே ஓட்டிப் போயிருந்தார்கள். போக இடமில்லாதவர்கள்தான் மிச்சம். கடைசி வரிசையில் நாலு வண்டிகள். ஒன்பதாம் நம்பரில் எழுபத்தெட்டு வயது ஓபல் தனியாக இருந்தாள். பத்தில் டெல்பர்ட் வந்து பத்து நாள் ஆகியிருந்தது.

வரிசை முழுவதற்கும் ஒரே பழைய வயர். நூற்றிருபது வோல்ட் வர வேண்டியது, எல்லா ஏ.சி.யும் ஓடினால் வால் முனையில் இருக்கும் பத்தாம் நம்பருக்கு நூறுதான் மிஞ்சும். நூற்று நாலுக்குக் கீழே இறங்கினால், டெல்பர்ட் மாட்டியிருந்த பாதுகாப்புப் பெட்டி கரண்டையே துண்டித்துவிடும்.

"அந்தப் பெட்டியைக் கழட்டிட்டு ஓட்டினா என்ன?"

"கம்ப்ரஸர் எரிஞ்சிடும். அப்புறம் அவளுக்கு ராத்திரியும் ஏ.சி. கிடையாது. நரம்பு வியாதி, ஓபல்ம்மா. சூடு ஏறினா கைகாலெல்லாம் இழுத்துக்கும்."

"மத்த ரெண்டு பேரைக் கேட்டியா?"

"ஒருத்தர் வோல்டேஜ் ஏத்துற பூஸ்டர் வாங்கிக்கோங்கறார். இன்னொருத்தர் கதவே தொறக்கல." குரல் இறங்கியது. "ரெண்டே மணி நேரம். நீங்க மட்டும் அணைச்சாப் போதும்."

ஓபலுக்கு இதயத்துக்கு மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. சூட்டில் இருக்கவே கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். அதை அவள் சொல்லவில்லை. எழுந்து போய் ஏ.சி.யை அணைத்தாள்.

அவன் கரண்டு கம்பத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தான். "நூத்தி ஆறு. நீங்க நல்லா இருக்கணும்." பத்தாம் நம்பர் கூரையில் ஏ.சி. இரையத் தொடங்கியது.

வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, மின்விசிறி முன்னால் உட்கார்ந்து ஓபல் அந்த இரண்டு மணி நேரத்தைக் கடத்தினாள். பொதுக்கூடத்தைக் கோடைக்குப் பூட்டியிருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை.

மறுநாள் இரண்டு மணி நேரம் நாலானது. அதற்கு அடுத்த நாள், "வெயில் தாழற வரைக்கும்" என்றான்.

ஓபல் ஒரு கிண்ணம் நிறையப் பீச் பழத்தை நறுக்கிக் குளிரவைத்து எடுத்துப் போனாள். கொடியில் அவனுடைய சட்டைகள் நாலைந்து காய்ந்துகொண்டிருந்தன. பாவம், துணிகூட இவன்தான் துவைக்கிறான் போல, என்று நினைத்துக்கொண்டாள்.

"உள்ள வந்து ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போகட்டுமா?"

அவன் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டான். உள்ளேயிருந்து குளிர்காற்று வந்து அவள் முகத்தில் பட்டது. "தூங்குறா. புது ஆளைப் பார்த்தாப் படபடப்பு வந்துடும். நானே கொடுத்துடறேன்."

சாயங்காலம் கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது. "மார்லா கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டா. யார் பெத்த மகராசியோன்னு கண்ணுல தண்ணி விட்டுட்டா."

அன்று இரவு ஓபல் கைக்குட்டைத் துணியில் அரிசி அடைத்து, கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ள ஒரு பை தைத்தாள். ஐஸ் பெட்டியில் வைத்தால் மணிக்கணக்கில் குளிர்ச்சி நிற்கும். மார்லாவுக்கு.

ஆறாம் நாள் நாலரை மணிக்குக் கடிதங்கள் கொடுக்க வந்தாள் முகாமின் மேலாளர் ரமோனா. ஒன்பதாம் நம்பர் கதவு திறந்து கிடந்தது. ஓபல் தரையில் இருந்தாள். தோல் காய்ந்து, அடுப்பிலிருந்து எடுத்தது போல் கொதித்தது.

"ஏ.சி.யைப் போடக் கூடாதா? என்ன காரியம் பண்ணினீங்க?"

"போடாதே." ஓபலின் நாக்கு குழறியது. "மார்லாவுக்கு நின்னுடும்."

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் அதே பேச்சுதான். "அவளை ஒரு தடவை பார்த்துடு, ரமோனா. ஐஸ் பெட்டியில இருக்கற அரிசிப் பையை அவகிட்ட கொடுத்துடு. அவளுக்கு ஒண்ணும் ஆகலியே?" ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைகூட அவள் உயிர் நிற்கவில்லை.

செய்தி வந்த பிறகு ரமோனா அரிசிப் பையை எடுத்துக்கொண்டு பத்தாம் நம்பர் கதவைத் தட்டினாள். கையால் தட்டினாள், பிறகு சாவிக்கொத்தால் தட்டினாள். ஏ.சி. இரைச்சலைத் தவிர உள்ளிருந்து பதில் இல்லை. டெல்பர்ட் எங்கேயாவது போயிருந்தால், படுத்த படுக்கையாக ஒருத்தி உள்ளே தனியாகக் கிடக்கிறாள்.

அலுவலகத்துக்கு ஓடி, டெல்பர்ட் நிரப்பிக் கொடுத்த படிவத்தைத் தேடி எடுத்தாள். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில் மார்லா என்ற பெயரும் ஓர் எண்ணும் இருந்தன. போன் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"மார்லாவா? நான் முகாம் ஆபீஸ்ல இருந்து ரமோனா. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டு வந்தேன். உள்ள உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எந்த முகாம்? நீங்க யாரைத் தேடுறீங்க?"

"டெல்பர்ட் வீட்டம்மாவைத்தான். பக்கத்துல இருந்த ஓபல்ம்மா இறந்துட்டாங்க. கடைசி வரைக்கும் உங்களைத்தான் விசாரிச்சாங்க."



"அந்த ஆளை டிவோர்ஸ் பண்ணிட்டு நான் மினசோட்டா வந்து நாலு வருஷம் ஆச்சுங்க."