படியில் திரும்பாத கட்டில்

மலைச்சரிவில் கட்டப்போகும் மரவீட்டின் வரைபடத்தில், கட்டில் மாடிப்படியின் திருப்பத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கட்டில் அளவுக்கு வெட்டிய அட்டைத் துண்டைத் தச்சர் எப்படித் திருப்பினாலும் ஒரு மூலை சுவரில் இடிக்கிறது. படியை அகலமாக்கினால் சமையலறை போய்விடும். படுக்கையறையைக் கீழே வைக்கவும் வழியில்லை; அங்கே பின்சுவர் சரிவு மண்ணோடு ஒட்டி நிற்கும், அந்த ஈரம் அவர் மனைவியின் நெஞ்சுக்கு ஆகாது. வீடு முடிவதற்குள் அவள் நடமாட்டம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியாயிற்று; பிறகு அவளைக் கட்டிலோடுதான் இறக்க வேண்டும். மழை வெளிச்சம் காகிதத்தில் சாம்பலாகக் கிடக்கிறது. "பேசாம என்னைப் பாய் மாதிரி சுருட்டி இறக்கிடுங்க," என்று அவள் சிரிக்கப் பார்க்கிறாள், இருமல் முந்திக்கொள்கிறது. "வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியே நீ!" அவர் கூராக இருக்கும் பென்சிலையே மறுபடி சீவுகிறார். அவள் எட்டி வரைபடத்தைப் பார்க்கிறாள். "ஏங்க, மாடியோட பின்பக்கம் மேட்டுக்குச் சமமாத்தானே வருது? படி எதுக்கு?" சீவுவது நிற்கிறது. அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் வரைகிறார்: மாடியின் பின்சுவரில் கட்டில் அகலத்துக்கு ஒரு கதவு, அங்கிருந்து மேட்டுக்கு ஒரு பலகைப் பாலம். அவளைக் கட்டிலோடு, சாய்க்காமல், நேராக வெளியே தூக்கிக்கொண்டு போகலாம்.