கடைசி டிடிஆர் த்ரீ

"புதுசே குடுங்க பாய். எதுக்குப் பழைய ரகம்?" என்றார் தேவானந்தம்.

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கும் கலீல் பாய்க்கு இது தினமும் வரும் கேள்வி. அலுத்துக்கொள்ளாமல், தேவானந்தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்த ரேம் மெமரியையும் புதிய ரகத்தில் ஒன்றையும் அருகருகே வைத்துக் காட்டினார். அடியில் இருந்த வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருந்தது.

"அடுத்தவங்க பல்செட்ட நம்ம வாயில வெக்க முடியுமா சார்? உங்க போர்டுக்கு இந்தப் பழைய டிடிஆர் த்ரீ ரேம்தான். எட்டு ஜிபில ஒண்ணே ஒண்ணு கீது."

தேவானந்தத்துக்குப் போன உயிர் திரும்பியது. கம்ப்யூட்டர் மெதுவாகி அடிக்கடி நின்றுபோனதில்தான் வீட்டில் சண்டையே ஆரம்பித்ததாம். புதுசு வாங்கு என்று ஒரு பக்கம், இதுவே ஓடும் என்று இன்னொரு பக்கம். பேச்சு எப்படியோ தடம் மாறி, தங்கள் கல்யாணத்தில் போட்ட பிரியாணியில் கறி இருந்ததா இல்லையா என்பது வரைக்கும் போய், அதோடு பேச்சுவார்த்தையே நின்றுவிட்டதாம். சொல்லாமல் கொள்ளாமல் இதை மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார்.

கலீல் அந்த ஒரே ஒரு ரேமை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தபோது ஒரு பெண் விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

தேவானந்தத்தைப் பார்த்ததும் நின்றார். பிறகு மேஜையின் அந்தக் கோடிக்குப் போய், கைப்பையை நடுவில் வைத்தார்.

தேவானந்தம் சுவரில் மாட்டியிருந்த மவுஸ் பேடுகளை ஒவ்வொன்றாக ஆராயத் தொடங்கினார்.

காலையிலிருந்து கம்ப்யூட்டர் கீச்சுக் கீச்சென்று கத்துகிறது, ஆன் ஆகவில்லை என்று சொல்லி அந்தப் பெண் போனை நீட்டினார். உள்ளே திறந்து எடுத்த படம். ரேம் மாட்டும் ஸ்லாட் இரண்டும் காலி.

"இதுல இருந்த ரேம் எங்கமா?"

"தெரியல பாய். நேத்து இருந்துச்சு."

"வூட்ல கேட்டீங்களா?"

"கேக்கணும்னா பேசணும்ல."

கலீல் படத்தைப் பெரிதாக்கி போர்டின் பெயரைப் படித்தார். அசந்துபோனார். சந்தையைவிட்டே போன போர்டு. ஊரில் யாரிடமும் இருக்காது என்று நினைத்திருந்தார். இன்றைக்கென்று பார்த்து இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள், இருப்பதோ ஒன்று.

முதலில் வந்தவர் சார்தான். ஆனாலும் கலீலுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், உங்களுது மெதுவாவாச்சும் ஓடுது. அந்தம்மாவுது மொத்தமா படுத்துக்கிச்சு. கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்."



"குடுத்துருங்க பாய்," என்றார் தேவானந்தம், மவுஸ் பேடிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்னோட பழசையும் சேத்துக் குடுத்துருங்க."

கலீல் நெகிழ்ந்துபோனார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா!

"பாத்தீங்களாமா? இந்த மாதிரி ஆளு லட்சத்துல ஒருத்தர்," என்று அந்தப் பெண்ணிடமே சொன்னார்.

அந்தப் பெண் உதட்டை இறுக்கிக் கடித்தபடி, புதுசையும் பழசையும் ஒன்றாகக் கைப்பைக்குள் போட்டார்.

தேவானந்தம் பர்ஸை எடுத்தார். கலீல் பதறிப்போய் அவர் கையைப் பிடித்தார். "சார், பொருளையும் குடுத்துட்டு துட்டும் நீங்க குடுத்தா எப்டி? அந்தம்மா குடுப்பாங்க."

அந்தப் பெண் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, முதல் முறையாகத் தேவானந்தம் பக்கம் திரும்பினார்.

"வண்டிய எங்க விட்டிருக்கீங்க?"