முடி கொட்டுமா?

"எம் பொண்ணுக்குத்தான் புற்றுநோயே இல்லையே, டாக்டரம்மா! அப்புறம் எதுக்குப் புற்றுநோய் மாத்திரை?"

உப்பிலியபுரத்திலிருந்து மகள் தாரணியோடு திருச்சி ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அழகர்சாமி இதைக் கேட்பது மூன்றாவது தடவை. ஸ்ரீரங்கத்துக்காரரான டாக்டர் கோதைநாயகி அதற்கெல்லாம் சளைப்பவர் இல்லை.

"இல்லைதாங்க. ஆனா இவளைக் காப்பாத்த வேண்டிய எதிர்ப்பு சக்தியே இவ உடம்பை அடிக்குது. அதான் ஓயாத காய்ச்சல். அந்த வேகத்தை இந்த மாத்திரை அடக்கும்னு நம்பறோம். பெரியவங்களுக்குப் பல வருஷமாக் குடுக்கறதுதான். இந்த நோய்க்கு இப்பத்தான் சோதிச்சுப் பாக்கறோம். வேண்டாம்னா எப்ப வேணா நிறுத்திக்கலாம்."

"முடி கொட்டுமா?"

"இந்த மாத்திரைக்குக் கொட்டாதுங்க."

"இவ அம்மாவுக்குப் புற்றுநோய்க்கு மருந்து குடுத்தப்ப முதல்ல முடிதாங்க போச்சு. அப்புறம் அவளே போயிட்டா." அழகர்சாமி மகளின் இரட்டைச் சடையைத் தடவிக்கொடுத்தார்.

கோதைநாயகி தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"இந்தச் சோதனையில முதல்ல சேர்ந்த பையன் நிதிலன் இன்னிக்கு செக்கப்புக்கு வரான். அவன் அப்பாவே உங்ககிட்ட பேசறேன்னிருக்கார். அவனை நீங்களே பாருங்க. தலை நிறைய சுருட்டை முடி!"

சொல்லி வாய் மூடவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தான் நிதிலன். தலையில் ஒரு முடிகூட இல்லை.

கோதைநாயகிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "டேய், முடி எங்கடா?"

"போயிடுச்சு!" என்று சிரித்தான் அவன்.

அழகர்சாமி விருட்டென்று எழுந்தார். "நல்லவேளை, சம்மதப் பத்திரத்துல கையெழுத்துப் போடல. வாம்மா தாரணி, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி ஊர் பஸ்ஸைப் பிடிப்போம்."

"ஒரு நிமிஷம் இருங்க..." என்று கோதைநாயகி பின்னாலேயே ஓடினார்.

வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு உள்ளே வந்த நிதிலனின் அப்பா, வாசலிலேயே அவர்களை மறித்தார்.

"ஏங்க, கிளம்பிட்டீங்க? எம் பையனுக்கு நாலு மாசமாக் காய்ச்சலே இல்லைங்க!"

"அதான் முடி போயிடுச்சே!"

"எனக்குந்தான் போச்சு. நான் எந்த மாத்திரையைச் சாப்பிட்டேன்?" அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். தலை பளபளத்தது. "மருந்து கேட்டுச்சுன்னா ரெண்டு பேரும் மொட்டை போடறதா சமயபுரத்தாளுக்கு வேண்டுதல். நேத்துதான் போயி முடிச்சிட்டு வந்தோம்!"

அழகர்சாமி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டே மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.