இப்பத்தான் பறிச்சது

“ஐஸ்ல கெடந்த பழத்துல என்னம்மா சத்து இருக்கும்? அது செத்த பழம்!”

மருமகள் மாரித் கடையிலிருந்து வாங்கிவந்த உறைபழப் பொட்டலத்தை டாவெட்டி ஓரமாகத் தள்ளினார். தன் வாளியிலிருந்து புளூபெர்ரியை அள்ளி அவள் கிண்ணத்தில் போட்டார்.

“இதச் சாப்பிடு. இப்பத்தான் காட்டுல பறிச்சேன்.”

“பறிச்ச அன்னைக்கே உறைய வெச்சா சத்து எங்கயும் போகாது மாமா. கடையில ‘புதுசு’ன்னு விக்கறதுதான் லாரியில வந்து வாடிப்போகுது.”

மாரித் பள்ளியில் சத்துணவுப் பாடம் எடுப்பவள்.

“உன் பாடத்தப் பள்ளிக்கூடத்தோட வெச்சுக்க!”

கிழவர் வலது காலை இழுத்துக்கொண்டே காபி போடப் போனார்.

மகன் இல்க்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவியை வாசலுக்கு இழுத்துப்போனான்.

“காடாவது, கத்தரிக்காயாவது! காலையில என் கண்ணால பார்த்தேன். கொட்டகை ஃப்ரீசர்லருந்து எடுத்து, சவுனா நீராவிக் குளியல் அறைக்குள்ள உட்கார்ந்து ஐஸ் கரையற வரைக்கும் காத்திருந்து, வாளியில கொட்டிக்கிட்டு வர்றாரு. உபதேசம் மட்டும் நமக்கு! இப்பவே கேட்டுடறேன்.”

“தாராளமா கேளு. ‘காட்டுக்குப் போக முடியாத அன்னைக்கு என்னை முதியோர் இல்லத்துல சேர்த்துடு’ன்னு சொன்ன மனுஷன். நாளைக்கே துணிமணிய மூட்டை கட்டிடுவாரு. பரவாயில்லையா?”

இல்க்காவின் சுருதி இறங்கிவிட்டது.

“அதுக்காக, போன வருஷப் பழத்தப் புதுசுன்னு தின்னுக்கிட்டே இருக்கணுமா?”

“போன வருஷத்துதா? அது எப்பவோ தீர்ந்துபோச்சே!”

“அப்ப ஃப்ரீசர்ல இருக்கறது?”

மாரித் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மத்தியானம் மாமா குறட்டை விடறப்ப நான்தான் ஏரிக்கரைக் காட்டுக்குப் போய்ப் பறிச்சு வந்து ரொப்பறேன். பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது.”

இருவரும் நல்ல பிள்ளைகளாக உள்ளே வந்தார்கள். டாவெட்டி காபியை ஊற்றினார்.

எங்கள் பின்லாந்தில் வீட்டை எழுதிவைப்பார்கள், நிலத்தை எழுதிவைப்பார்கள். பழம் பறிக்கும் இடத்தை மட்டும் பெற்ற பிள்ளைக்கும் சொல்ல மாட்டார்கள். டாவெட்டியும் இல்க்காவிடம் இன்றுவரை மூச்சு விட்டதில்லை.

கோப்பையை மருமகள் பக்கம் நகர்த்திவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்:

“ஏரிக்கரைப் பழம் ரொம்பப் பொடிசா இருக்கும்மா. நாளைக்கு நீ போறப்ப, கரடிப் பாறைக்குப் பின்னால போ.”