ஏழாவது குழி

“உன் வளையத்தை உன் வீட்டுக்கு அடியில தோண்டு!” அந்த மனிதர் மேசையில் ஓங்கிக் குத்தினார். தண்ணீர்க் குவளை துள்ளி, இசலின் விரித்து வைத்திருந்த வரைபடத்தின் மேல் கவிழ்ந்தது.

இசலின் கைக்குட்டையால் ஈரத்தை ஒற்றினாள். அணுவைவிடச் சிறிய துகள்களை மோதவிட, மலையடிவாரக் கிராமங்களுக்குக் கீழே இருநூறு மீட்டர் ஆழத்தில் வரப்போகும் சுரங்க வளையத்தின் வரைபடம் அது. உள்ளே இறங்க மொத்தம் எட்டுக் குழிகள். ஏழாவது குழி, இந்த ஊர்க்காரர் ஒருவரின் மேய்ச்சல் நிலத்தில்.

“பதறாதீங்க ஐயா. குழிக்கு வேண்டியது அஞ்சு ஹெக்டேர்தான்.”

“தானா? என்கிட்ட இருக்கிறதே பதினொண்ணு! மிச்சத்துல நாப்பது மாடும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மேயுமா?”

“வேற இடத்துல நிலம் தருவோம்.”

“எங்க, நிலாவுலயா? இந்த மலைப் புல்லைத் தின்னாத்தான் எங்க பாலாடைக்கட்டிக்கு இந்த ஊர் முத்திரை கிடைக்கும். வேற புல்லுன்னா அது வெறும் வெள்ளைக் கட்டி!”

“பிரபஞ்சம் எப்படி உண்டாச்சுன்னு தெரிஞ்சுக்க வேணாமா?”

“அது உண்டாகும்போது உன்னைக் கேட்டுச்சா? இப்ப மட்டும் எதுக்கு என் நிலத்தைக் கேக்குது?”

அவர் விடுவதாக இல்லை.

“இன்னிக்கு ஊர்க் கூட்டத்தைச் சாயங்காலம் ஏழு மணிக்கு வெச்சிருக்கீங்களே, அந்த நேரம் ஊரே தொழுவத்துல பால் கறந்துக்கிட்டு இருக்கும்னு தெரியாதா? இல்ல, ஒருத்தனும் வந்து கேள்வி கேக்கக் கூடாதுன்னுதான் வெச்சீங்களா?”

இசலின் கைதட்டிச் சிரித்தே விட்டாள்.

“போதும்ப்பா, நான் தோத்துட்டேன்! அந்தப் பால் கறக்கிற விஷயம் எங்க யாருக்கும் தோணவே இல்லை. எங்க பிடிச்சே?”

இசலின் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இது வழக்கம். எந்தக் கூட்டத்துக்கும் முன்னால் ஒத்திகை உண்டு. எதிராளியாக நடித்துக் குதறுவதற்கு, முன்பின் பழகாத ஆளாகப் பார்த்து வேறு பிரிவிலிருந்து அனுப்புவார்கள். இன்று ஐந்து மணிக்கு ஊர் மண்டபத்திலேயே ஒத்திகை என்று சொல்லியிருந்தார்கள். மணி ஐந்து அடித்தபோதுதான் இவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

“நீ எந்தப் பிரிவு? காந்தமா, கணினியா?” ஆய்வகத்தில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் ஒருமைதான். “சாணி வாசனைகூடப் பூசிட்டு வந்திருக்கே, பாவி!”

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

“வேற இடமே இல்லையான்னு ஊர்க்காரன் கேட்டா என்ன சொல்லுவே?”

“இல்லைன்னு சொல்லணும். அதுதான் எனக்கு வர மாட்டேங்குது.” இசலின் அவர் பக்கம் குனிந்தாள். “நெடுஞ்சாலை ஓரத்துல கைவிட்ட கல்குவாரி இருக்கில்ல, அதுவும் சரியா வரும். அங்க அறுபது மீட்டர் கூடுதலா இறங்கணும், வேலை ஒரு வருஷம் தள்ளிப்போகும். அதனால எங்க குழு அதைச் சொல்ற அறிக்கையைக் கோப்புல இருந்தே உருவிட்டாங்க.”

“உருவினது எங்கே?”

“என் பையிலதான். பாக்கிறியா?”

மூன்று தாள்கள். அவர் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். விரலால் வரி தொட்டு, இரண்டு தடவை படித்தார். பிறகு நான்காக மடித்து, சட்டையின் உள்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

“ஏய், நடிப்பு முடிஞ்சுது. குடு அதை.” இசலின் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

அவர் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். அதற்குள் கதவு வெளியிலிருந்து திறந்தது. விலைச்சீட்டுக்கூடப் பிய்க்காத புது ரப்பர் காலணியும் வைக்கோல் தொப்பியுமாக ஓர் ஒல்லி இளைஞன், மூச்சு வாங்க நின்றான்.

“மன்னிச்சுக்கோ, பஸ்ஸை விட்டுட்டேன். ஊர்க்காரனா நடிக்க வந்தவன் நான்தான்.”